காபன் வரியும் போனது, மீளளிப்பும் போனது: நமது வீடுகளில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

வரிப்படிவம் (ஸ்காபரோ, கனடா), 19 ஜூலை 2025

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டில் இருக்கிறேன். என்னிடம் படிவம் நிரப்பும் 74 வயது அம்மா ஒருவர் வியாழக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பதினைஞ்சாம் திகதி வாற காசு இந்தமுறை வரேல்லை. பாங்கிலையும் கேட்டுப் பாத்தனான், தங்களுக்குத் தெரியாதாம்" என்றார். முதியோர் குடியிருப்பில் தனியாக இருப்பவர். அவர் குறிப்பிட்டது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த 140 டொலர். அதில்தான் ஒரு மூட்டை அரிசியும் எண்ணெயும் மீன் ரின்களும் வாங்கி வைப்பார். அந்தக் காசு காபன் வரியின் மீளளிப்பு, அதாவது எரிபொருளில் வாங்கிய வரியை அரசு குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, என்பது அவருக்குத் தெரியாது, ஜீ.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்காகக் குறைந்த வருமானத்தவருக்கு வரும் காசின் இன்னொரு பங்கு என்றே இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். கார் இல்லாதவர், வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்கியவர். அவரைப் பொறுத்தவரை அந்த வரி ஆண்டுக்கு 560 டொலர் வரவாக இருந்தது, செலவு மிகச் சொற்பம்.

வரலாறு சுருக்கமாக. கனடிய மத்திய அரசின் எரிபொருள் மீதான காபன் வரி 2019 ஏப்ரலில், ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 20 டொலர் என்ற கணக்கில், சொந்தத் திட்டம் இல்லாத மாகாணங்களில் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏறி, 2024 ஏப்ரலில் 80 டொலரானது. பெற்றோலில் அது லீற்றருக்கு 17.61 சதம், வீட்டு எரிவாயுவில் கன மீற்றருக்கு 15.25 சதம். திரட்டிய பணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பியது. ஒன்ராறியோவில் நால்வர் குடும்பத்துக்கு 2024-25இல் 1,120 டொலர். 2025 மார்ச் 14இல் பிரதமர் மார்க் கார்னி பதவியேற்ற அன்றே அதை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 1இல் வரி பூச்சியமானது, ஏப்ரல் 22இல் கடைசி மீளளிப்பு வந்தது.

வரி நல்லதா கெட்டதா என்று நாம் ஆறு ஆண்டுகள் கதைத்துவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் அது எப்படி வேலை செய்தது என்பதை ஒருவரும் உட்கார்ந்து எழுதவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்: எதனால் சூடாக்குகிறீர்கள், எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள், எரிவாயு பில் யாருடைய பெயரில் வருகிறது.

பவ்மன்வில்காரன், 19 ஜூலை

வரிப்படிவம் அண்ணாவுக்கு வணக்கம். அந்த அம்மாவின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் என் வீட்டுக் கணக்கு வேறு.

நாங்களும் முன்பு ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்தவர்கள்தான். இரண்டு பிள்ளைகளோடு அங்கே வீடு வாங்க முடியாது என்று தெரிந்த பிறகு 2020இல் பவ்மன்விலுக்கு வந்தோம். நான் பிரம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறேன். போக 95 கிலோமீற்றர், வர 95 கிலோமீற்றர். ரொறன்ரோவின் புறநகர் ரெயிலான கோ ரெயில் ஒஷாவாவோடு நின்றுவிடுகிறது. பவ்மன்வில் வரை நீட்டுவார்கள் என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்குபவனுக்கு ரெயில் வந்தாலும் பெரிய பயனில்லை. மனைவியின் காரையும் சேர்த்து ஆண்டுக்கு 4,500 லீற்றர் பெற்றோல் போகிறது. வீடு எரிவாயுவில் சூடாகிறது, ஆண்டுக்கு 2,400 கன மீற்றர் வரை.

விலை ஏறினால் மக்கள் குறைவாக ஓடுவார்கள் என்று கூறினார்கள். நான் எதைக் குறைப்பது? வேலைக்குப் போவதையா? ஒவ்வோர் ஏப்ரல் முதலாம் திகதியும் பெற்றோல் நிலையத்தில் விலைப்பலகை ஏறும்போது, வாடகை கட்ட முடியாமல் தூரத்துக்கு ஓடிவந்ததற்குத் தண்டம் கட்டுவது போலவே எனக்குத் தோன்றியது. நாட்டுப்புறக் குடும்பங்களுக்கு 20 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தார்கள். பவ்மன்வில் ஒஷாவா பெருநகரப் பகுதிக்குள் அடங்குவதால் அதுவும் எங்களுக்கு இல்லை.

வரிப்படிவம், 20 ஜூலை

தம்பி, நீங்கள் தந்த எண்களை அப்படியே வைத்து நேற்றிரவு கணக்குப் போட்டேன். 4,500 லீற்றருக்கு 17.61 சதம் என்றால் 792 டொலர். 2,400 கன மீற்றர் எரிவாயுவுக்கு 366 டொலர். இரண்டும் சேர்ந்து 1,158. இதன் மேல் 13 விழுக்காடு எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் வாங்கினார்கள், வரியின் மேல் வாங்கிய அந்த வரி மீளளிப்புக் கணக்கில் சேரவில்லை. ஆக, நீங்கள் நேரடியாகக் கட்டியது 1,308 டொலர் அளவில், திரும்பி வந்தது 1,120. ஏறத்தாழ 190 டொலர் நட்டம், கடைச் சாமான்களுக்குள் ஒளிந்து வந்த செலவைச் சேர்க்காமலே. உங்கள் குறை நியாயமானது.

இப்போது உங்கள் பழைய வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். அதே நால்வர், அதே வருமானம், ஸ்காபரோ மாடிக் குடியிருப்பில் வெப்பம் வாடகைக்குள், ஒரு கார், ஆண்டுக்கு ஆயிரம் லீற்றர் பெற்றோல். எச்.எஸ்.ரி.யோடு கட்டியிருப்பது 200 டொலர் அளவில். கிடைத்திருப்பது அதே 1,120. ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளுக்கு இடையில் ஆயிரம் டொலருக்கு மேல் வித்தியாசம். இந்த இடத்தில்தான் நமது விவாதங்கள் எல்லாம் தடம் மாறிப் போயின என்று நினைக்கிறேன். ஏழை, பணக்காரர் என்ற கோட்டில் பார்த்தால் இந்தத் திட்டம் ஏழைக்குச் சாதகமானது. பணக்காரர் தமது வருமானத்தில் சிறிய பங்கைத்தான் எரிபொருளுக்குச் செலவிடுகிறார், ஆனால் டொலர் கணக்கில் ஏழையைவிட அதிகம் எரிக்கிறார். பெரிய வீடு, மூன்று வாகனம், சூடாக்கிய நீச்சல் குளம். எல்லோருக்கும் ஒரே தொகையைத் திருப்பிக் கொடுக்கும்போது குறைவாக எரித்தவர் கையில் மிச்சம் நிற்கும். அரசின் கணக்குகளைச் சுயாதீனமாக ஆராயும் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலரின் நேரடிச் செலவுக் கணக்கும் பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிட அதிகம் பெற்றன என்றே சொன்னது. (பொருளாதாரப் பாதிப்பையும் சேர்த்து அதே அலுவலகம் வெளியிட்ட இன்னொரு கணக்கில் பெரிய தொழிற்சாலைகளின் காபன் விலையும் தவறுதலாகக் கலந்துவிட்டதை 2024இல் அவர்களே ஒப்புக்கொண்டு, ஒக்டோபரில் திருத்தினார்கள். அதற்குள் பழைய, பிழையான கணக்கே எல்லோருடைய வாயிலும் ஏறிவிட்டது.)

ஆனால் அந்தச் சராசரி உங்கள் வீட்டுக்குள் வந்து எதையும் விளக்காது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில், தூரத்தில் மலிவாக வீடு வாங்கியவர் கட்டுகிறார், நகரத்தில் வாடகைக்கு இருப்பவர் பெறுகிறார். வரியை வகுத்தவர்கள் தூரத்தை ஒரு கோடு கீறித்தான் பார்த்தார்கள். பெருநகர எல்லைக்கு உள்ளே என்றால் 0, வெளியே என்றால் 20 விழுக்காடு.

நிலக்கீழ்வீடு, 20 ஜூலை

நான் படிக்க வந்தவள். மாக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் இன்னும் இரண்டு பெண்களோடு இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றிலும் 40 விழுக்காடு நாங்கள் கட்ட வேண்டும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வெப்பமானி மேல் வீட்டின் நடைகூடத்தில், பூட்டிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே 23 பாகை இருந்தால் கீழே 18 பாகை. சனவரியில் நாங்கள் கம்பளிச் சட்டையோடு படிப்போம், மேலே பிள்ளைகள் கையில்லாத சட்டையோடு ஓடித் திரிவார்கள். அடுப்பும் உலையும் இருபது வருடப் பழையவை. யன்னல் இடுக்கால் காற்று வரும்; நாங்கள் அதற்கு நாடா ஒட்டியிருக்கிறோம். விலை ஏறினால் வீட்டைத் திருத்துவார்கள் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் திருத்தும் உரிமை உள்ளவர் பில்லில் 60 விழுக்காடுதான் கட்டுகிறார், திருத்த முடியாத நாங்கள் 40 கட்டுகிறோம்.

மீளளிப்பு எனக்கு முதல் ஆண்டு வரவில்லை. புதிதாக வந்தவர்கள் அதற்கெனத் தனியாக ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்பதை இரண்டாம் ஆண்டில்தான் அறிந்தேன். என்னோடு இருந்த ஒருவர் அதை அறியாமலே வேறு நகரத்துக்குப் போய்விட்டார்.

வரிப்படிவம், 20 ஜூலை

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். படிவம் நிரப்பாதவருக்கு மீளளிப்பு இல்லை. வருமானமே இல்லாதவர்தான் "எனக்கு என்ன வரி" என்று படிவம் நிரப்பாமல் இருப்பார். அதிகம் தேவைப்பட்டவரே தவறிப்போன இடம் இது.

மற்றொன்றையும் சேர்க்கிறேன். 2021இல் தொடங்கிய பசுமை வீட்டு மானியம் 5,000 டொலர் வரை கொடுத்தது. சொந்த வீடு இருக்க வேண்டும், பரிசோதகரை அழைக்க வேண்டும், முதலில் கையிலிருந்து செலவழிக்க வேண்டும், பிறகே காசு திரும்பி வரும். 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவு மூடப்பட்டது. மின்சாரக் காருக்கான மத்திய மானியம் 5,000 டொலரும் அப்படித்தான். புதுக் கார் வாங்கக்கூடியவருக்குப் போனது. என் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட அதைப் பெறவில்லை. வரி எல்லோரிடமும் வாங்கப்பட்டுத் தலைக்கு இவ்வளவு என்று திரும்பியது. மானியமோ ஏற்கெனவே கையில் காசு வைத்திருந்தவரைத் தேடிப் போனது. நாம் வரியைத்தான் திட்டினோம், மானியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எட்மன்ரன் குளிர், 21 ஜூலை

இங்கே நால்வர் குடும்பத்துக்கு 1,800 டொலர் வந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் திரட்டியதை அங்கேயே திருப்பிக் கொடுத்ததால் அல்பேர்ட்டாவுக்கு அதிகம். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் ஒரு வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிவாயு வேண்டும் என்பதை ஒன்ராறியோ உறவுகள் கற்பனை செய்ய முடியாது, ஆகவே தொகையைக் கேட்டுப் பொறாமைப்பட வேண்டாம்.

இங்குள்ளவர்களின் மனம் முறிந்த நாள் எது என்று கேட்டால் 2023 ஒக்டோபர் 26 என்பேன். அன்றுதான் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டுகள் வரிவிலக்கு என்று அறிவித்தார்கள். எண்ணெயில் சூடாக்கும் வீடுகளின் பங்கு அத்திலாந்திக் மாகாணங்களில்தான் அதிகம். நாங்கள் எரிவாயுவில் சூடாக்குகிறோம், எங்களுக்கு விலக்கு இல்லை. அடுத்த சனவரியிலிருந்து சஸ்காச்சுவான் அரசு வீட்டு எரிவாயு மீதான வரியைத் திரட்டுவதையே நிறுத்தியது. எண்ணெயில் சூடாக்குவோர் பலர் ஏழைகள், எண்ணெய் எரிவாயுவைவிட விலை கூடியது, எல்லாம் உண்மை. ஆயினும் அவர்களுக்கு வரி நின்ற பிறகும் மீளளிப்பு நிற்கவில்லை. கஷ்டப்படுபவருக்கு உதவ வேண்டும் என்றால் காசாகக் கொடுத்திருக்கலாம். எரிபொருளின் பெயரைச் சொல்லி விலக்குக் கொடுத்தபோது, குரல் எழுப்பினால் விலக்குக் கிடைக்கும் என்று எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

பேர்ண் மலர் (சுவிற்சர்லாந்து), 22 ஜூலை

கனடா விடயத்தில் நான் கருத்துச் சொல்வது பொருத்தமா தெரியவில்லை, ஆனால் அந்த அம்மாவின் கதையை வாசித்தபோது எனது அம்மாவைக் கண்டேன்.

இங்கே 2008 முதல் சூடாக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் காபன் கட்டணம் உண்டு. 2022இலிருந்து தொன்னுக்கு 120 பிராங். பெற்றோலுக்கு இந்தக் கட்டணம் இல்லை. திரட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது. மக்களுக்குக் கையில் காசாக வராது. மருத்துவக் காப்புறுதிப் பில்லில் தனி இனமாகக் கழிக்கப்படும், ஆளுக்கு ஆண்டில் ஏறத்தாழ 60 பிராங். காப்புறுதிக் கட்டணமோ மாதம் முந்நூறு, நானூறு என்று ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடலில் மாதம் ஐந்து பிராங் கழிந்ததை யார் காண்பார்? பதினாறு ஆண்டுகளாக அம்மாவுக்கு நான்தான் காப்புறுதிக் கடிதங்களை வாசித்துச் சொல்கிறேன். எனக்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் கழிவு கண்ணில் பட்டது. 2021 யூன் 13இல் காபன் சட்டத்தைக் கடுமையாக்கும் யோசனையை மக்கள் வாக்களித்து நிராகரித்தபோது, என்னோடு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்த பெண்கள் பலர் "திரும்பவும் எங்களிடமே பறிக்கிறார்கள்" என்றார்கள். நகரத்தில் சிறிய வீட்டில் வாழும் அவர்கள் பெறுபவர்களாக இருந்திருப்பார்கள்.

பவ்மன்வில்காரன், 22 ஜூலை

மலர் அக்கா எழுதியது என்னை யோசிக்க வைத்தது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணா கணக்குப் போடும்வரை என் நட்டம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்றே நம்பியிருந்தேன். மீளளிப்பு மனைவியின் கணக்குக்கு வந்தது, நான் பார்த்ததில்லை. பெற்றோல் அடிப்பது நான்.

இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டும். ட்ரக் ஓடும் என் மைத்துனர் டீசலுக்கு லீற்றருக்கு 21.39 சதம் கட்டினார். 2024 திசம்பரில் சிறு வணிகங்களுக்கு ஐந்து ஆண்டுப் பாக்கியை ஒன்றாகக் கொடுத்தார்கள், பதிவுசெய்த கம்பனிகளுக்கு மட்டும். இவர் தன் பெயரில் தனிநபராகத் தொழில் செய்பவர் என்பதால் ஒரு சதமும் இல்லை. பக்கத்தில் நிறுத்தும் மற்ற ட்ரக்காரர் கம்பனியாகப் பதிந்தவர், அவருக்குக் கிடைத்தது. ஒரே வண்டி, ஒரே வீதி, ஒரே டீசல்.

வரிப்படிவம், 23 ஜூலை

உங்கள் மைத்துனருக்குச் சொல்ல என்னிடம் நியாயம் எதுவும் இல்லை, தம்பி. ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து கொடுத்ததே தவறு, அதிலும் ஒரு பகுதியினரைத் தவிர்த்தது இன்னொரு தவறு.

மீளளிப்பு யாருடைய கணக்குக்கு வந்தது என்று நீங்கள் எழுதியதைப் பலரும் கவனிக்க வேண்டும். 2022 யூலை வரை மீளளிப்பு வருமான வரிப் படிவத்துக்குள்ளேயே கரைந்து போனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாக வந்தது, ஆனால் வங்கிக் குறிப்பில் என்ன காசு என்று விளங்காத சுருக்கெழுத்துகளோடு. 2024இல் மத்திய அமைச்சர்களே வங்கிகளிடம் அதன் பெயரைத் தெளிவாகப் போடும்படி கேட்க நேர்ந்தது. விலையோ ஒவ்வொரு சந்தியிலும் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது. கட்டியது கணவன், பெற்றது மனைவி. கட்டியது வாராவாரம், பெற்றது காலாண்டுக்கு ஒருமுறை. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பேரிடம் இரண்டு கதைகள் இருந்திருக்கின்றன.

வரி போனதும் நிலையத்தில் விலை லீற்றருக்கு 18 சதம் அளவில் இறங்கியது, உங்களுக்கு அது நல்லது. நாட்டின் பணவீக்கமும் மார்ச்சில் 2.3 விழுக்காட்டிலிருந்து ஏப்ரலில் 1.7 ஆகக் குறைந்தது. அரிசியும் மீனும் மலியவில்லை, அதைக் கடைக்குப் போகும் எல்லோரும் அறிவோம். 2023இல் கனடாவின் மத்திய வங்கி ஆளுநரே இந்த வரியின் ஆண்டேற்றம் பணவீக்கத்தில் 0.15 புள்ளிதான் சேர்த்தது என்றார். சாமான் விலை ஏறியதற்கு வேறு காரணங்கள் பல இருந்தன. அந்த அம்மாவுக்கு 560 டொலர் போனது. நிலக்கீழ் வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கும் அப்படியே.

காலநிலைக் கொள்கை முழுதாகப் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பெரிய தொழிற்சாலைகளின் காபன் விலை இருக்கிறது. எரிபொருளின் காபன் அளவைக் குறைக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்லும் தூய எரிபொருள் விதிமுறையும் 2023 யூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எரிபொருள் நிறுவனங்களுக்கு அதனால் ஏற்படும் செலவு பெற்றோல் விலைக்குள் வரும், பில்லில் தனி இனமாகத் தெரியாது. வருமான விகிதத்தில் பார்த்தால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே அதன் சுமை கூட என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் அந்த ஆண்டிலேயே எழுதியிருந்தார். அதற்கு மீளளிப்பு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த, திரும்பி வந்த வரியை எதிர்த்து நிறுத்தினோம். தெரியாத, திரும்பி வராத செலவு தொடர்கிறது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர் குறைவு.

நிலக்கீழ்வீடு, 23 ஜூலை

அப்படியானால் இனி வரும் எந்தத் திட்டத்திலும் நாம் எதைக் கேட்க வேண்டும் அண்ணா? எனக்கு மீளளிப்பைவிட அந்தப் பூட்டிய வெப்பமானிதான் பிரச்சினை.

வரிப்படிவம், 24 ஜூலை

நியாயமான கேள்வி. எமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் மூன்று விடயங்களை வைக்க எண்ணுகிறேன். காசு திரும்பி வருவதானால், எவ்வளவு, எதற்காக என்று வீட்டுக்கு வீடு தாளில் கடிதம் வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும். வேலைக்குப் போகும் தூரத்தைப் பெருநகர எல்லைக் கோட்டால் அளக்கக் கூடாது. பவ்மன்வில் போன்ற இடங்களில் மாலையிலும் இரவிலும் பொதுப் போக்குவரத்து உண்டா இல்லையா என்று பார்த்து அளக்கலாம். வாடகை வீட்டைத் திருத்த மானியம் வாங்கும் உரிமையாளர், குடியிருப்பவரின் பகுதியையும் திருத்த வேண்டும், அங்கே தனி வெப்பமானி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும். தங்கச்சி, அந்தக் கடைசிப் பந்தியை நீங்களே எழுதினால் என் எழுத்தைவிட நன்றாக வரும்.

நேற்று மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், வங்கிப் புத்தகத்தில் ஏப்ரல் 22ஆம் திகதிக்கு நேரே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதுதானோ கடைசி?" என்று கேட்டார். ஆம் என்றேன். ஒக்டோபர் 15க்கும் வராதா என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கடிதத்தின் வரைவை ஞாயிறு இரவு இங்கே இடுகிறேன். எரிவாயு பில் உங்கள் பெயரில் வருகிறதா, வீட்டுக்காரர் பெயரில் வருகிறதா என்பதை இதுவரை எழுதாதவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள். எத்தனை வீடுகள் என்ற எண்ணை அதில் சேர்க்க வேண்டும்.